எத்தனை பேப்பர் என்று கேட்பதற்கு முன்: தொல்லியல் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் பேராசிரியர் இல்லை. பானை ஓடு வரைபவன். குழியிலிருந்து கூடை கூடையாக வரும் ஓடுகளைக் கழுவி, காயவைத்து, எண் எழுதி, வாய்விளிம்பு உள்ளதைப் பொறுக்கியெடுத்துத் தாளில் வரைவது என் பிழைப்பு. இருபத்தாறு வருஷமாக இதுதான். தொல்லியல் பதவிகளுக்கு ஆளெடுக்கிற, பதவி உயர்வு தருகிற குழுக்களில் மாறி மாறி உட்காருகிறவர்கள் நீங்கள். உங்களில் சிலர் குழியைப் பார்க்க வந்தபோது டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சில மாதம் முன்பு எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வாளர் நேர்காணலுக்குப் போனார். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். ஒன்பது வருஷம் உட்கார்ந்து ஓர் அகழாய்வின் முழு அறிக்கையை எழுதி முடித்தவர். அதில் என் கையால் வரைந்த ஓடுகள் மட்டும் அறுநூற்றுச் சொச்சம். அந்தத் தடிப் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார். குழுவில் ஒருவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூடி வைத்தாராம். அப்புறம் கேட்டாராம்: “சரிம்மா, ஸ்கோப்பஸ்ல எத்தனை? ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு?”

நாலு கட்டுரை என்றிருக்கிறார். எட்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார்.

இதெல்லாம் என்ன என்று அன்றைக்கு ராத்திரி என் மகனிடம் கேட்டேன். ஸ்கோப்பஸ் என்பது ஆய்விதழ்க் கட்டுரைகளைத் திரட்டி வைக்கிற தரவுத்தளமாம். ஹெச்-இண்டெக்ஸ், 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்காம். ஒருவரின் கட்டுரைகளில் பத்துக் கட்டுரையை ஆளுக்குப் பத்துப் பேராவது மேற்கோள் காட்டியிருந்தால் அவருக்குப் பத்து. இருபதை இருபது பேர் என்றால் இருபது. கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு புத்தகம் எழுதி, அதை ஐயாயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் இண்டெக்ஸ் ஒன்றுதான். இயற்பியலுக்கு இது சரியாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஒரு மேட்டைத் தோண்டி முடித்தவரை இதில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்லவரவில்லை. ஆனாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். வேதியியல்காரர் சோதனை தப்பாகப் போனால் மறுநாள் இன்னொரு குடுவை எடுப்பார். எங்கள் ஆள் ஐந்தாவது அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டால் ஐந்தாவது அடுக்கு போனது போனதுதான். மனிதர் கைபடாத கன்னிமண் வரைக்கும் போய்விட்டால் அந்தக் குழியில் மிச்சம் காற்றுதான். அதற்குப் பிறகு அந்த இடம் இருப்பது நோட்டுப் புத்தகத்தில், வெட்டுமுக வரைபடத்தில், பையில் எண் எழுதிய ஓட்டில். இவை மூன்றையும் கோர்த்து அச்சில் கொண்டுவந்தால் அது அறிக்கை. கொண்டுவராவிட்டால், தோண்டியவர் ஓய்வுபெற்றதும் இடமும் சேர்ந்து ஓய்வுபெற்றுவிடும்.

ஒரே ஓர் ஓட்டை எப்படி வரைகிறோம் என்று பாருங்கள். உள்ளங்கை அகல வாய்விளிம்புத் துண்டு. அதைத் தலைகீழாகத் தட்டையான பலகையில் வைத்து, ஆடாமல் நிற்கிற சாய்வைக் கண்டுபிடிக்க வேண்டும். பானை அன்று எந்தச் சாய்வில் நின்றதோ அதுதான் அது. பிறகு வட்டம் வட்டமாகக் கோடு போட்ட அட்டையில் விளிம்பைப் பொருத்தினால் வாய் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரியும். சீப்புப் பல் மாதிரி ஊசிகள் வைத்த கருவியை ஓட்டின் மேல் அழுத்தினால் அதன் வளைவு ஊசியில் பதியும். அதைத் தாளில் இறக்க வேண்டும். நடுவே ஒரு கோடு. அதன் ஒரு பக்கம் வெட்டுமுகம், கருப்பு நிரப்பி. மறுபக்கம் வெளித்தோற்றம். ரோட்ரிங் வரைபடப் பேனா அடைத்துக்கொள்ளாத நாளாக இருந்தால் ஒரு நாளைக்குப் பதினைந்து வரையலாம். நான் வரைந்ததை மேடம் எடுத்து, எந்தக் குழி, எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம் என்று பதிவேட்டோடு ஒப்பிட்டு, அதே விளிம்பு வேறு எந்த ஊரில் கிடைத்திருக்கிறது என்று தேடி, இரண்டு வரி எழுதுவார். அந்த இரண்டு வரிக்குச் சில சமயம் இரண்டு வாரம் ஆகும். இப்படி அறுநூறு.

ஸ்கோப்பஸில் நாலுதான் என்பதற்குக் காரணம் இதுதான், ஐயா.

இந்த இரண்டு வரிகளுக்கு என்ன செல்வாக்கு என்று கேட்பீர்கள். அரிக்கமேட்டைச் சொல்கிறேன். புதுச்சேரியிலிருந்து நாலு கிலோமீட்டர், அரியாங்குப்பம் ஆற்றங்கரை. 1944இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் உடைந்த துண்டைப் பார்த்தார். மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒயின் ஊற்றி அனுப்புகிற ஆம்போரா ஜாடியின் துண்டு. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் புதுச்சேரி. அப்போது அது பிரெஞ்சுக்காரர் ஊர். 1945இல் அங்கே குழி போட்டார். 1946இல் துறையின் ‘ஏன்ஷியண்ட் இந்தியா’ இதழின் இரண்டாவது எண்ணில், ஏ. கோஷ், கிருஷ்ண தேவா இருவரின் பங்களிப்போடு, நூறு பக்கத்துக்கு மேல் அறிக்கை வந்துவிட்டது. அடுக்கு, வெட்டுமுகம், ஓடு, மணி எல்லாம் உள்ளே. மறு வருஷமே! இன்றைக்கு நமக்கு லேப்டாப் இருக்கிறது, ட்ரோன் இருக்கிறது. மறு வருஷம் நம் கையில் இருப்பது பெரும்பாலும் பத்திரிகைச் செய்தி.

அந்த அறிக்கையில் வீலர் பானை வகைகளுக்கு வரிசையாக எண் கொடுத்தார். ஒன்றாம் வகை, தட்டின் உள்பக்கம் வட்டமாகப் புள்ளிப் புள்ளியாகக் குத்திய ரௌலட்டட் மட்கலம். பத்தாம் வகை, உள்ளே முத்திரை குத்திய கலம். இன்றைக்கும் நாங்கள் களத்தில் “டைப் டென் வந்திருக்கு” என்றுதான் சொல்வோம். இந்தோனேசியாவின் பாலித் தீவில் செம்பிரான் என்ற ஊரில் தோண்டியபோது ரௌலட்டட்டும் இந்தப் பத்தாம் வகையும் கிடைத்தன. தொல்லியலாளர்கள் அர்டிகாவும் பெல்வுட்டும் 1991இல் அதை எழுதியபோது அரிக்கமேட்டு எண்ணைக்கொண்டே அடையாளம் சொன்னார்கள். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் யாரோ ஒரு வரைவாளர் அரிக்கமேட்டுப் பலகையில் ஓட்டைச் சாய்த்து வைத்து வரைந்த படம், பாலியில் வந்திறங்கிய சரக்கு இந்தியாவிலிருந்து போனது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறது. அந்த வரைவாளர் என் ஜாதி. அவருக்கு ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று தேடவேண்டாம்.

அறிக்கை இருந்தால் தப்பும் ஊர் ஊராகப் போகும் என்பதையும் மறைக்கக் கூடாது. வீலர் இந்த ரௌலட்டட்டை இத்தாலியச் சிவப்பு மட்கலமான அரிட்டைனோடு சேர்த்துவைத்து, ரோமானிய வணிகத்தோடு வந்தது, கி.பி. முதல் நூற்றாண்டையொட்டியது என்று கணித்தார். அந்தக் காலக்கணிப்பைத் தூக்கிக்கொண்டு 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரிக்குப் போனார். அங்கே ரௌலட்டட் கிடைத்த அடுக்குக்கு அந்தக் காலம். அதற்குக் கீழே இருந்த பெருங்கற்காலத்துக்கு, அதாவது இரும்பு புழங்கிய பெருங்கல் சமாதிகளின் காலத்துக்கு, கி.மு. 200 முதல். தென்னிந்தியாவின் இரும்புக் காலமே இப்படிக் கையைக் காலைக் கட்டிப்போட்டதுபோல் குறுகிக் கிடந்தது. பிறகு கர்நாடகத்தின் ஹல்லூரிலிருந்து கரிமக் காலக்கணிப்பு வந்தபோது இரும்பு கி.மு. 1000 வாக்கில் போய் நின்றது. ஒரு பெரிய மனிதரின் கணிப்பு ஒரு தலைமுறையை எப்படி இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மேற்கோள் எண்ணிக்கையில் பார்த்தால் இந்தத் தப்பும் சேர்ந்து வீலருக்குப் புள்ளியாகத்தான் ஏறியிருக்கும்.

ஆனால் தப்பைப் பிடித்தது எப்படி? தொல்லியலாளர் விமலா பெக்லி 1983இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஆர்க்கியாலஜியில் அரிக்கமேட்டை மறுபரிசீலனை செய்து ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவர் அரிக்கமேட்டில் ஒரு குழிகூடப் போட்டிருக்கவில்லை. முன்னால் தோண்டியவர்கள் அச்சிட்டு வைத்திருந்த அடுக்குகளையும் ஓடுகளையும் திரும்பப் படித்தார். ரௌலட்டட் இந்தியாவில் செய்த கலம், அது ரோமானியருக்கு முந்தி கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது என்று வாதிட்டார். 1989இலிருந்து 1992 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அங்கேயே தோண்டினார். அதன் அறிக்கை 1996இலும் 2004இலும் இரண்டு பாகமாக வந்தது. வீலரைச் சாய்க்க வீலர் அச்சிட்ட படமே போதுமாயிருந்தது. எதிராளிக்குக் கத்தியைத் தீட்டிக் கொடுத்துவிட்டுப் போகிற அறிக்கைதான் என்னைக் கேட்டால் உயர்ந்த அறிக்கை. நேர்காணல் மேசையில் இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

கட்டம் என்றதும் அட்டவணை ஞாபகம் வருகிறது. 2018ஆம் வருஷத்துப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின் ஆய்வுப் புள்ளி அட்டவணையை மகன் இறக்கிக் கொடுத்தான். கலை, சமூக அறிவியல் துறைகளில் ஓர் ஆய்விதழ்க் கட்டுரைக்கு 10 புள்ளி. இந்தியப் பதிப்பகம் போட்ட ஒரு முழுப் புத்தகத்துக்கும் 10 புள்ளி. மூன்று தடவை படித்தேன், அச்சுப்பிழையோ என்று. பன்னிரண்டு பக்கக் கட்டுரையும் ஒன்பது வருஷத்து அறிக்கையும் தராசில் சமம். அதிலும் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து எழுதினால் முதல் ஆளுக்கு 70 சதவீதம், மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. அறிக்கை என்பது ஊர் கூடி இழுக்கிற தேர். எலும்பு பார்க்க ஒருவர், விதை பார்க்க ஒருவர், காசு, எழுத்து, மணி என்று தலைக்கு ஒருவர். கருகிய நெல்லை நுண்ணோக்கியில் ஆறு மாதம் பார்த்தவருக்கு மூன்று புள்ளி. இதை அவர் தனியாகப் பிய்த்து ஆய்விதழுக்கு அனுப்பினால் பத்து. அவர் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்?

அதைத்தான் செய்கிறார்கள். ஒரே குழியை ஆறாக நறுக்கி ஆறு கட்டுரை. மணி ஒரு கட்டுரை, கீறல் குறியீடு ஒரு கட்டுரை, சுடுமண் பொம்மை ஒரு கட்டுரை. எந்த மணி எந்தக் குறியீட்டோடு எந்த அடுக்கில் சேர்ந்து கிடந்தது என்று கேட்டால் ஆறிலும் இருக்காது. அது அறிக்கையில் வரும் என்று அடிக்குறிப்பு இருக்கும். அறிக்கை வராது.

புள்ளிக் கணக்கையே விட்டுவிடலாம் என்று 2025 ஜனவரியில் ஒரு வரைவு வெளிவந்ததும் எனக்குத் தெரியும். காகிதத்தில் அட்டவணை போனாலும் மண்டையில் இருக்கிற அட்டவணை போக நாளாகும். அதனால்தான் மானியக் குழுவுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அறிக்கை காலத்தில் வராத இடத்துக்கு ஆதிச்சநல்லூரைவிட வேறு எதைச் சொல்வது? தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியது 1899 தொடங்கிச் சில வருஷங்கள். பெரும்பேர் என்ற ஊரையும் சேர்த்து அவருடைய தொல்பொருள் பட்டியல் 1915இல் அச்சாகிவிட்டது. அவருடைய முறையில் ஆயிரம் குறை சொல்லலாம். பட்டியல் கையில் இருப்பதால் சொல்லலாம். 2004இலும் 2005இலும் அதே பரம்பு மேட்டில் திரும்பத் தோண்டினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள். அதில் எடுத்த மாதிரிகள் கி.மு. 905, கி.மு. 696 என்று காலம் காட்டின என்பது நாட்டுக்குத் தெரிந்தது 2019இல், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நடந்த வழக்கில். பதினைந்து வருஷம். ஒரு கரித்துண்டின் வயதை அறிய வக்கீல் வைக்க வேண்டியிருந்தது. இதில் தனி ஒருவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இடமாற்றம் வரும், ஓய்வு வரும், ஆள் குறைவு. ஆனால் அறிக்கை எழுதினால் என்ன கிடைக்கும், எழுதாவிட்டால் என்ன போகும் என்று ஒருவர் கேட்டால், நம்மிடம் நேர்மையான பதில் என்ன இருக்கிறது? எழுதினாலும் ஒன்றும் கிடைக்காது, எழுதாவிட்டாலும் ஒன்றும் போகாது.

கீழடியைப் பற்றிச் சொல்லவே இல்லையே என்பீர்கள். 2014 முதல் 2016 வரையிலான குழிகளுக்கு 982 பக்க அறிக்கை 2023 ஜனவரியில் கொடுக்கப்பட்டது. 2025இல் திருத்தச் சொல்லித் திரும்பியது. அதன் அரசியலைப் பேச வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். என் கவலை சின்னது. அந்த 982 பக்கம் வெளியாகிற வரைக்கும், அதைச் சரி என்பவரும் தப்பு என்பவரும் பக்கத்தைப் பார்க்காமலே பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு புத்தகத்தை ஞாபகப்படுத்துகிறேன். பொ. இரகுபதி யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஊர் ஊராக நடந்து எழுதிய தொல்லியல் மேற்பரப்பாய்வு. 1987இல் சென்னையில் வந்தது. பெரிய பதிப்பகம் எதுவும் போடவில்லை. குடும்பத்தார் பெயரிலேயே வெளியீடு. அவர் நடந்த வழிகளில் பிறகு போர் நடந்தது. யாழ்ப்பாணத்தின் பழங்காலத்தைப் பற்றி எழுதுகிறவர் யாராக இருந்தாலும், அவரோடு ஒத்துப்போகிறவரோ போகாதவரோ, அந்தப் புத்தகத்தைத் தொடாமல் தாண்ட முடியாது. அதை இன்றைக்கு ஒருவர் உங்கள் மேசையில் வைத்தால் முதல் கேள்வி “பப்ளிஷர் யாரு?” என்பதாக இருக்கும்.

செல்வாக்கு எத்தனை நாளில் தெரியும் என்று ஒரு கேள்வி உண்டு. போன ஐந்து வருஷத்தில் என்ன செய்தீர்கள் என்பது உங்கள் படிவத்தில் இருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியான ஒரு கல்லைப் பொறுக்கினார். செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கம். அவர் நிலவியல் துறைக்காரர். கல் பொறுக்குவது கூடுதல் வேலை. ஆனால் எங்கே, எந்தப் படிவில் எடுத்தேன் என்று எழுதி வைத்தார். சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. அதன் விவரப் பட்டியல் 1914இலும் குறிப்புகள் 1916இலும் அச்சாயின. மனிதர் 1912இலேயே போய்விட்டார். அவர் காட்டிய அதே அத்திரம்பாக்கத்தில் 1999இலிருந்து சாந்தி பப்புவும் குழுவும் தோண்டி, 2011இல் அங்குள்ள கைக்கோடரிகளுக்குப் பதினைந்து லட்சம் ஆண்டு என்றார்கள். 2018இல், இடைப் பழங்கற்காலக் கருவிகள் அங்கே 3,85,000 ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டன என்றார்கள். இரண்டும் உலகத்தின் பெரிய ஆய்விதழ்களில் வந்தவை, உங்கள் அட்டவணைக்கு மிகவும் பிடித்தமானவை. ஆனால் கணக்குப் பாருங்கள்: முதல் குழிக்கும் முதல் பெரிய கட்டுரைக்கும் நடுவே பன்னிரண்டு வருஷம். அந்தப் பன்னிரண்டில் ஏதோ ஓர் ஐந்தை வெட்டியெடுத்து இவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தால்?

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கையை எடுத்துவிட்டால் அங்கே வந்து உட்காருவது சிபாரிசு. யாருடைய மாணவர், யாருடைய ஊர், யாருடைய ஜாதி என்ற கணக்குக்கு ஸ்கோப்பஸ் கணக்கு எவ்வளவோ மேல். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அந்த எண்ணிக்கையால்தான், கைதூக்கிவிட ஆளில்லாமல், வேலைக்குப் போனார்கள். அதனால் எண்ணாதீர்கள் என்று சொல்லவரவில்லை. எண்ணும்போது இதையும் எண்ணுங்கள் என்கிறேன்.

இவர் எத்தனை பருவம் தோண்டினார், அதில் எத்தனைக்கு முழு அறிக்கை வந்திருக்கிறது என்று கேளுங்கள். இதுவும் எண்தான், பின்னமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆறு பருவம் தோண்டி ஓர் அறிக்கைகூட வெளியிடாதவர் நாற்பது கட்டுரையோடு வந்தால், மீதி எங்கே என்று கேளுங்கள். அறிக்கையில் ஓர் அத்தியாயம் எழுதியவருக்கு முழு அத்தியாயத்துக்கும் மதிப்புக் கொடுங்கள், முப்பது சதவீதம் என்று கிள்ளாதீர்கள். ஓடுகள் இப்போது எந்த அறையில் எந்த அலமாரியில் இருக்கின்றன, இன்னொருவர் வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மேசையில் வைத்தால் அட்டையைப் பார்க்காமல் கடைசியில் இருக்கும் படத் தகடுகளைத் திறவுங்கள். ஏதாவது ஓர் ஓட்டின் எண்ணைத் தொட்டு, இது எந்த அடுக்கு, ஏன் இதை வரைந்தீர்கள் என்று கேளுங்கள். உண்மையாக வேலை செய்தவர் என்றால் அரை மணி நேரம் பேசுவார். நிறுத்துவதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அறிக்கை எழுத ஒருவருக்கு ஒரு வருஷம் வகுப்பில்லாமல் விடுப்புக் கொடுக்க முடியுமா என்பதையும் யோசியுங்கள். தோண்டுவதற்குப் பணம் ஒதுக்குகிறோம், பந்தல் போடுகிறோம், அமைச்சரைக் கூப்பிடுகிறோம். எழுதுவதற்கு ஒரு மேசையும் மின்விசிறியும் தருவதில்லை. நான் வரைந்த படங்களில் பாதியை ஒரு வாடகை வீட்டுக் கூடத்தில், மேடத்தின் அம்மா சீரியல் பார்க்கிற சத்தத்துக்கு நடுவேதான் வரைந்தேன்.

இப்படிக்கு,
ஓடு வரைபவன் ஒருவன்

பி.கு.: நேர்காணலிலிருந்து திரும்பும்போது பேருந்து நிலையத்தில் அந்தத் துணிப்பையின் காது அறுந்து புத்தகம் கீழே விழுந்துவிட்டதாம். மூலை மட்டும் மடங்கியிருக்கிறது. அடுத்த நேர்காணல் மாசியில். வேறு பை வாங்கிவிட்டோம்.